உலோக 3டி அச்சுப் பாகங்களுக்குள் ஒளிந்திருக்கும் குறைகள்: மலையகத்திலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன், பண்டாரவளை, நாவலப்பிட்டிப் பக்கமிருந்து இரண்டு வகையானவர்கள் இந்த விஷயத்தைக் கேட்கிறார்கள். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம். தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். பழைய ரோலருக்கும் டிரையருக்கும் உதிரிப்பாகம் கிடைக்காமல் அலைந்து, "இதை உலோகத்திலேயே 3டியில் அடித்து எடுக்க முடியாதா?" என்று கேட்பவர்கள் இவர்கள். முடியும். ஆனால் அந்தப் பாகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் இயந்திரத்தில் பூட்ட வேண்டும்.

வெளியே வருவது திடமான உலோகம்தானே? உள்ளே ஓட்டை எங்கிருந்து வருகிறது?

முதலில் வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். அதிகம் புழங்கும் முறையில், 15 முதல் 45 மைக்ரோமீற்றர் பருமனுள்ள உலோகத் தூளை ஒரு தட்டில் 30 முதல் 60 மைக்ரோமீற்றர் தடிப்புக்குப் பரப்புவார்கள். லேசர் அதன்மேல் கோடு கோடாக ஓடி, பாகத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். தட்டு ஒரு அடுக்கு இறங்கும், புதிய தூள் பரவும், மறுபடியும் லேசர் ஓடும். விரல் நீளப் பாகத்துக்கே ஆயிரத்துக்கு மேல் அடுக்குகள் வரும். ஒவ்வொரு அடுக்கிலும் நிறையக் கோடுகள், ஒவ்வொரு கோடும் ஒரு நுண்ணிய வெல்டிங். இத்தனையிலும் ஒன்றுகூடப் பிசகாமல் இருப்பது அரிது.

வெப்பம் போதாவிட்டால் கீழ் அடுக்கும் மேல் அடுக்கும் முழுதாக ஒட்டாது. நடுவே தட்டையான இடைவெளி நிற்கும். அதன் ஓரங்கள் கூராக இருக்கும், உள்ளே உருகாத தூள் மணிகள் கிடக்கும். இதை இங்கே ஒட்டாக் குறை என்று அழைக்கிறேன். இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான்.

வெப்பம் மிஞ்சினாலும் தொல்லைதான். உலோகம் ஆவியாகி, உருகிய குளத்தின் நடுவே ஆழமான குழி விழும். அது சரிந்து மூடும்போது அடியில் குமிழ் சிக்கிக்கொள்ளும். இந்தக் குமிழ்கள் ஓரளவு உருண்டையானவை.

மூன்றாவது, தூளோடே கூட வரும் வாயு. உருகிய உலோகத்தை ஆர்கன் போன்ற வாயுவின் பீச்சலால் சிதறடித்துத்தான் பெரும்பாலும் தூள் செய்கிறார்கள். அப்போது சில மணிகளுக்குள் வாயு அடைபட்டுவிடும். சிறியது, உருண்டையானது, மற்றவற்றோடு பார்த்தால் சாது.

இவை போக, லேசர் பட்டுத் தெறிக்கும் துளிகள் வேறிடத்தில் விழுந்து, அங்கே அடுத்த அடுக்கை ஒழுங்காக உருகவிடாமல் செய்வதும் உண்டு. சில உலோகக் கலவைகள் ஆறும்போதே வெடிப்பு விடும்.

அப்படியானால் லேசரின் சக்தியைச் சரியாக வைத்தால் போதுமா?

பாதிப் பிரச்சினை தீரும். 200 வாட் லேசர், செக்கனுக்கு 800 மில்லிமீற்றர் வேகம், கோடுகளுக்கு இடையே 0.1 மில்லிமீற்றர், அடுக்குத் தடிப்பு 0.03 மில்லிமீற்றர் என்றால், ஒரு கன மில்லிமீற்றருக்குச் சுமார் 83 யூல் போகிறது. இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது வழக்கம். ஆனால் வேகத்தையும் சக்தியையும் ஒரே விகிதத்தில் உயர்த்தினாலும் அதே 83 வரும், உருகும் குளமோ வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் ஒரே எண்ணைக் காட்டி "எல்லாம் சரி" என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்பதில்லை.

அச்சிட்டுத் தருபவர்கள் 99.9 சதவீதம் அடர்த்தி என்கிறார்கள். அது போதாதா?

நான் நின்று விளக்க விரும்பும் கேள்வி இது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டிய விஷயத்தை அது சொல்வதில்லை.

ஒரு கன சென்ரிமீற்றர் உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 0.1 சதவீதம் வெற்றிடம் என்றால் மொத்தம் ஒரு கன மில்லிமீற்றர். அதை 20 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள உருண்டைக் குமிழ்களாகப் பிரித்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும். எங்கும் பரவிக் கிடக்கும் இவை பலத்தைப் பெரிதாகக் குறைக்காது. அதே ஒரு கன மில்லிமீற்றர், 0.05 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே ஒட்டாக் குறையாக இருந்தால் என்ன ஆகும்? அதன் பரப்பு 20 சதுர மில்லிமீற்றர். அந்தக் கட்டியின் குறுக்குவெட்டு 100 சதுர மில்லிமீற்றர்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்டவே இல்லை என்று ஆகிறது. இரண்டு கட்டிகளுக்கும் சான்றிதழில் அதே 99.9தான் இருக்கும்.

உயர்தரத்தில் தகைப்பு என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று படிக்கிறோம். அது சராசரி. துளையின் ஓரத்தில் அந்தச் சராசரி நிற்காது. 1913இல் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், தகட்டிலுள்ள நீள்வட்டத் துளையின் நுனியில் தகைப்பு எத்தனை மடங்கு ஏறும் என்று கணக்கிட்டுக் காட்டினார். விசைக்குக் குறுக்கேயுள்ள அரை அகலத்தை, விசை வழியேயுள்ள அரை உயரத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வட்டத் துளை என்றால் 3 மடங்கு. அகலம் உயரத்தைப்போல் பத்து மடங்கு என்றால் 21 மடங்கு. முழு உருண்டையான குமிழாக இருந்தால் ஏறத்தாழ 2 மடங்கோடு நின்றுவிடும். உருண்டைக் குமிழை ஓரளவு மன்னிக்கலாம், தட்டையான ஒட்டாக் குறையை மன்னிக்க முடியாது என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஆகவே சதவீதத்தைக் கேட்பதோடு நிற்காதீர்கள். உள்ளே இருப்பதில் மிகப் பெரிய குறை எவ்வளவு, அதன் வடிவம் என்ன, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இழுத்துப் பார்த்த சோதனையில் நன்றாகத்தானே நின்றது? அப்புறம் ஏன் ஓடும்போது முறிகிறது?

ஒரே தரம் இழுத்து அறுக்கும் சோதனையில், வளைந்து கொடுக்கக்கூடிய உலோகம் துளையின் ஓரத்தில் கொஞ்சம் இழுபட்டு, ஏறிய தகைப்பைப் பக்கத்து உலோகத்துக்குப் பகிர்ந்துவிடும். அதனால் சிறிய உருண்டைக் குமிழ்கள் இருந்தாலும் இழுவிசை வலிமை பெரிதாக இறங்காது. முறிவதற்கு முன் எவ்வளவு நீண்டது என்ற எண்தான் முதலில் விழும். சோதனை அறிக்கை கையில் கிடைத்தால் நீட்சிச் சதவீதத்தைப் பாருங்கள். வலிமை சரியாக இருந்து, ஒரே தொகுதியில் செய்த துண்டுகளுக்கிடையே நீட்சி மட்டும் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால், உள்ளே ஒட்டாக் குறை இருக்கிறதோ என்று சந்தேகப்படலாம்.

திரும்பத் திரும்ப வரும் சுமையில் கதை வேறு. அப்படி உலோகம் மெல்ல மெல்லத் தளர்ந்து முறிவதைத்தான் களைப்பு என்கிறார்கள். புடவைக் கடையில் துணியைக் கிழிப்பவர் முதலில் கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போடுவார். அதன்பிறகு துணி தானாக வழிவிடும். உலோகத்துக்குள் இருக்கும் கூரான குறை அந்த வெட்டுத்தான். ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பு ஒரு நூலளவு நகரும்.

சுற்று எவ்வளவு சீக்கிரம் சேரும் என்பதையும் பாருங்கள். இலை வாட்டும் தொட்டியின் ஃபேன், நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டரில் நேரடியாகப் பூட்டியிருக்கிறது என்று வைப்போம். வளைவுச் சுமை தாங்கும் ஷாஃப்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை இழுப்பும் அமுக்கமும் மாறி மாறி வரும். ஒரு கோடிச் சுற்று சேர 116 மணி நேரம்கூட ஆகாது. ஆய்வுகூடங்களில் "களைப்பைத் தாங்கும்" என்று சொல்ல வழமையாக எடுக்கும் எல்லையே அந்த ஒரு கோடிதான். ஃபேன் அதை ஐந்து நாளில் தாண்டிவிடும்.

ஒரு குறை எவ்வளவு பலத்தைத் தின்னும் என்று கணக்குப் போட முடியுமா?

முடியும். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் முரகாமி தந்த சூத்திரத்தை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். சுமையின் திசையிலிருந்து பார்க்கும்போது தெரியும் குறையின் பரப்பை எடுத்து, அதற்கு வர்க்கமூலம் காணுங்கள். அதை மைக்ரோமீற்றரில் எழுதி, ஆறாம் மூலம் எடுங்கள். உலோகத்தின் விக்கர்ஸ் கடினத்தோடு (வைர முனையால் அழுத்தி அளக்கும் கடின எண்) 120ஐக் கூட்டி, அந்த ஆறாம் மூலத்தால் வகுத்து, குறை மேற்பரப்பில் இருந்தால் 1.43ஆலும் உள்ளே ஆழத்தில் இருந்தால் 1.56ஆலும் பெருக்க வேண்டும். வருவது, இழுப்பும் அமுக்கமும் சமமாக மாறி வரும் சுமையில் உலோகம் தாங்கும் எல்லை, மெகா பஸ்காலில்.

கடினம் 350 உள்ள உலோகத்தில், மேற்பரப்புக் குறையின் அளவு 50 மைக்ரோமீற்றர் என்றால் ஏறத்தாழ 350 மெகா பஸ்கால் வரும். 200 மைக்ரோமீற்றர் என்றால் 278. அதே 50 மைக்ரோமீற்றர் குறை ஆழத்தில் இருந்தால் 382. உருக்குகளை வைத்து எழுந்த சூத்திரம் என்பதால் மற்ற உலோகங்களுக்கு இதை மதிப்பீடாகவே கொள்ள வேண்டும். மிகப் பெரிய குறைகளுக்கு இது பொருந்தாது.

இந்தச் சூத்திரத்துக்குள் எத்தனை குமிழ் இருக்கிறது என்ற எண்ணிக்கை எங்குமே வருவதில்லை. மிகப் பெரிய ஒன்றின் அளவுதான் வருகிறது. அதோடு, பாகம் பெரிதாகப் பெரிதாக, அதற்குள் பெரிய குறை ஒன்று கிடக்கும் வாய்ப்பும் ஏறும். சுண்டுவிரல் அளவுத் துண்டைச் சோதித்துவிட்டு முழங்கை நீளப் பாகத்துக்கு அதே எண்ணை எழுதுவது இதனால்தான் கூடாது.

மேற்பரப்பைக் கடைந்து வழுவழுப்பாக்கினால் சரியாகிவிடுமா?

பெரும்பாலும் நல்லது நடக்கும். அச்சிட்டபடியே விட்ட முகம் கரடுமுரடாக இருக்கும், அந்தப் பள்ளங்களே வெடிப்பு தொடங்கும் இடங்கள். 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் சேர்ந்த டைட்டானியக் கலவையில், கரடு முகத்தோடு விட்ட துண்டு தாங்கும் களைப்பு எல்லை, அடித்துச் செய்த உலோகத்தின் பாதிக்கும் கீழே போவது சாதாரணம்.

ஆனால் லேத்தில் போடுமுன் ஒரு விஷயம். லேசர் ஓரத்தைச் சுற்றி வரைவதும் உள்பக்கத்தை நிரப்புவதும் தனித்தனியாக நடப்பது வழக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே, குமிழ்கள் வரிசையாக நிற்கலாம். அரை மில்லிமீற்றர் கடைந்தால் ஆழத்தில் மூடிக் கிடந்த குமிழ் வெளிமுகத்துக்கு வந்துவிடும். எவ்வளவு கடையப் போகிறீர்கள் என்பதை அச்சிடுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறுத்தி அச்சிட்டாலும் படுக்கவைத்து அச்சிட்டாலும் ஒன்றா?

ஒன்றில்லை. ஒட்டாக் குறை அடுக்கின் தளத்திலேயே படுத்துக் கிடக்கும். அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால் அது வாயைத் திறக்கும், அடுக்கு வழியே இழுத்தால் அவ்வளவு பாதிக்காது. எந்தத் திசையில் சுமை வரும் என்பதைப் படத்தில் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

எல்லா உலோகமும் ஒரே மாதிரிப் பாதிக்கப்படுமா?

இல்லை. 316எல் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் நன்றாக நீண்டு கொடுப்பதால் சிறிய குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். சீக்கிரமாக ஆறுவதால் உள்ளமைப்பு நுண்மையாகி, அச்சிட்ட 316எல் சாதாரணத் தகட்டைவிட அதிக தகைப்பில்தான் நிரந்தரமாக வளையத் தொடங்கும். டைட்டானியக் கலவை பலமானது, ஆனால் குறைகளுக்கு அஞ்சும். சிலிக்கன் கலந்த அலுமினியம் அதிகம் நீளாது, அதில் ஐதரசன் குமிழ் வேறு.

எங்கள் பக்க மூடுபனியும் ஈரமும் தூளைக் கெடுக்குமா?

அலுமினியத் தூள் என்றால் நிச்சயமாக. ஈரம் மணிகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். லேசர் பட்டதும் நீர் பிரிந்து ஐதரசன் உருகிய அலுமினியத்தில் கரையும், உலோகம் இறுகும்போது அது வெளியேற முடியாமல் குமிழாக நின்றுவிடும். ஈரத் தூள் கட்டியாகி ஒழுங்காகப் பரவாது என்பதும் சேர்கிறது. நுவரெலியாவிலோ தலவாக்கலையிலோ யாராவது இந்த இயந்திரத்தை வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் கருவிக்கு முதலில் பணம் ஒதுக்க வேண்டும். தூளை இறுக மூடி, ஈரம் உறிஞ்சும் பொதியோடு வைத்து, பயன்படுத்துமுன் உலர்த்த வேண்டும்.

உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது?

எக்ஸ்ரே சி.டி. ஸ்கேன்தான் வெட்டாமல் பார்க்கச் சிறந்த வழி. அதற்கும் எல்லை உண்டு. படம் ஒரு வரியில் 2000 புள்ளிகள் கொண்டது என்று வைத்தால், 100 மில்லிமீற்றர் அகலப் பாகத்தில் ஒரு புள்ளி 50 மைக்ரோமீற்றர். ஒரு குறையை நம்பிக்கையாக அடையாளம் காணக் குறைந்தது மூன்று புள்ளியாவது வேண்டும். அப்படியானால் 150 மைக்ரோமீற்றருக்குக் கீழே உள்ளவை தப்பிவிடும். மிக மெல்லிய ஒட்டாக் குறை, அகலமாக இருந்தாலும் தடிப்பில்லாததால் கண்ணில் படாமல் போகலாம். தடித்த உருக்கை எக்ஸ்ரே ஊடுருவுவதும் சிரமம்.

கையில் அவ்வளவு வசதி இல்லாதவர்கள், பாகத்தோடு அதே தட்டில் சோதனைத் துண்டுகளையும் அச்சிட்டு வாங்க வேண்டும். அவற்றை வெட்டி, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். முறித்து, முறிந்த முகத்தையும் பார்க்கலாம். முறிந்த முகத்தில் உருகாத தூள் மணிகள் தெரிந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

உள்ளே இருக்கும் ஓட்டையை மூட வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஹிப் என்று தொழிலில் சொல்வார்கள். பாகத்தை உலையில் வைத்துச் சூடாக்கி, எல்லாப் பக்கமும் வாயு அமுக்கம் கொடுப்பது. மேலே சொன்ன டைட்டானியக் கலவைக்கு ஏறத்தாழ 920 பாகை செல்சியஸ், 100 மெகா பஸ்கால், இரண்டு மணி நேரம். 100 மெகா பஸ்கால் என்பது வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஆயிரம் மடங்கு. உள்ளே உள்ள வெற்றிடம் நசுங்கிச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். களைப்பைத் தாங்கும் திறன் நன்றாக மீளும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். மேற்பரப்போடு தொடர்புள்ள துளைக்குள் வாயு புகுந்துவிடுவதால் அது மூடாது. அப்புறம், ஆர்கன் அடைபட்ட குமிழ் சுருங்கும், ஆர்கனோ உலோகத்தில் கரையாது. பிறகு அமுக்கமில்லாமல் உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கினால் குமிழ் திரும்ப வளரக்கூடும்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு எதை அச்சிடலாம், எதைத் தொடக்கூடாது?

மூடிகள், இலையை வழிநடத்தும் தடுப்புகள், ரோலிங் அறையில் ஈரம் தெளிக்கும் முனைகள், பழைய இயந்திரத்தின் அளவு மாறாத தாங்கிகள் (பிராக்கெட்டுகள்) என்பவற்றைத் தயங்காமல் முயலலாம். ரோலரின் கிராங்க், ஃபேனின் மையக்குடம், ஷாஃப்ட், பற்சக்கரம் ஆகியவற்றை, மேலே சொன்ன சோதனைகள் இல்லாமல் பூட்டவே வேண்டாம். ஃபேனின் மையக்குடம் முறிந்தால் நட்டம் இயந்திரத்துக்கு மட்டும் இல்லை. அருகில் இலை புரட்டிக்கொண்டிருப்பவர்கள் மனிதர்கள்.

தோட்டத்துப் பழைய நீர்மின் பொறிகளின் பெல்டன் சக்கரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். 1950இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான நிலையம் முதல் சின்னத் தோட்டப் பொறி வரை வேலை செய்யும் விதம் ஒன்றே, பீச்சும் நீர் ஒவ்வொரு கிண்ணமாக அடிக்கிறது. ஒரு பீச்சுமுனை, நிமிடத்துக்கு 500 சுற்று என்று வைத்தாலே, ஒரு கிண்ணம் வருடத்தில் 26 கோடித் தடவை அடி வாங்கும். அடிபடும் சுமை முழுதும் கிண்ணத்தின் அடிவேரில் குவியும். வார்த்த சக்கரங்களிலும் உள்ளே இருந்த வார்ப்புக் குறைகளே தொல்லை கொடுத்தன. அதனால்தான் அடித்துச் செய்த உருக்கிலிருந்து கடைந்தெடுக்கும் முறை பரவியது. அச்சிட்ட சக்கரத்துக்கும் அந்த அளவு கண்டிப்பு வேண்டும்.

பாடசாலைச் செயற்றிட்டமாக அடர்த்தியை அளக்க முடியுமா?

முடியும், செய்து பார்க்க வேண்டிய வேலையும்கூட. துண்டைக் காற்றில் ஒரு தடவை, நீரில் தொங்கவிட்டு ஒரு தடவை நிறுத்து, ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி கணக்குப் போடுங்கள். 8 கிராம் 316எல் துண்டு ஏறத்தாழ ஒரு கிராம் நீரை இடம்பெயர்க்கும். தராசு 0.01 கிராம்தான் காட்டும் என்றால் ஒரு சதவீதப் பிழை அதிலேயே வந்துவிடும், 99.0ஐயும் 99.9ஐயும் பிரித்தறிய முடியாது. 0.001 கிராம் காட்டும் தராசும், கொஞ்சம் பெரிய துண்டும் தேடுங்கள். துண்டின் மேல் ஒட்டும் காற்றுக் குமிழ்களைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

நீரின் வெப்பநிலையையும் கட்டாயம் குறியுங்கள். நுவரெலியாவில் 15 பாகை நீரின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.9991 கிராம், கொழும்பில் 28 பாகை நீருக்கு 0.9962. வித்தியாசம் ஏறத்தாழ 0.3 சதவீதம். நீங்கள் தேடும் 0.1 சதவீத வெற்றிடத்தைவிட அது பெரிது. கொழும்பில் எழுதிய செய்முறைக் குறிப்பில் நீரின் அடர்த்தி தயாராகப் போட்டிருந்தால், அதை அப்படியே எடுக்காமல் உங்கள் வெப்பமானி காட்டும் எண்ணுக்குரிய பெறுமானத்தை அட்டவணையில் பார்த்துப் போடுங்கள். அளந்து முடிந்ததும் அதே துண்டைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுணுக்குக்காட்டியில் தெரியும் மிகப் பெரிய துளையின் அளவையும் அறிக்கையில் அடர்த்திக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.